தோப்பு ஸ்லாஷருக்குச் சங்கிலி டாப் லிங்க்

தென்னந்தோப்பில் டிராக்டர் ஸ்லாஷர் படும் அவதிக்குப் பாதிக் காரணம் டாப் லிங்க்தான். முன்சக்கரம் வரப்பில் ஏறினால் ஸ்லாஷரின் வால் மண்ணில் அழுந்தி, பின்சக்கரத் தண்டு வளைகிறது. முன்சக்கரம் வாய்க்காலில் இறங்கினால் வால் தூக்கிக்கொண்டு, முகப்பு மண்ணைக் கொத்துகிறது. டிராக்டரோடு ஸ்லாஷரை விறைப்பாகக் கட்டிவைப்பது அந்த இரும்புக் குழாய். அதைக் கழற்றிவிட்டுச் சங்கிலி போட்டு, பார்த்தீனியமும் உன்னிச்செடியும் மண்டிய தோப்பில் ஓட்டிப் பார்த்தேன்.

குழாய் லிங்க் கலப்பைக்காகப் பிறந்தது. ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்து, 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் பரவலான மும்முனை இணைப்பில், கலப்பை மண்ணைக் கடிக்கும்போது டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். டிராக்டர் மூக்கைத் தூக்காமல் இருப்பதற்கு அந்தத் தள்ளல் முக்கியம். சங்கிலிக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே கலப்பை, கல்டிவேட்டர் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. பின்சக்கரம் உள்ள ஸ்லாஷருக்குத் தள்ளல் தேவையில்லை. தூக்கும்போது இழுத்துப் பிடித்தால் போதும்.

செய்முறையில் கடையில் கிடைக்கும் சாதாரணச் சங்கிலியை நான் ஏற்கமாட்டேன். 350 கிலோ ஸ்லாஷரின் எடை மையம் கீழ் இணைப்பிலிருந்து ஒரு மீட்டர் பின்னால், மாஸ்ட் உயரம் அரை மீட்டர் என்றால், தூக்கியதும் டாப் லிங்க்கில் சுமார் 700 கிலோ இழுவிசை வரும். குழியில் குதித்தால் அது பல மடங்காகும். கிரேன் சாமான் விற்கும் கடையில் கிரேடு 80, 10 மி.மீ. சங்கிலி கேளுங்கள். அதன் பணிச்சுமை 3.15 டன். கண்ணிகளில் 8 அல்லது 80 என்று பொறித்திருக்கும். இந்தச் சங்கிலியில் வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டுப் பதம் கெட்டால் கண்ணி பலமிழக்கும். பட்டறையில் "ரெண்டு டாக் வச்சுத் தர்றேன்" என்பார்கள், மறுத்துவிடுங்கள்.

டிராக்டர் பக்கத்தில் மாஸ்டர் வளையம் ஒன்றை 19 மி.மீ. டாப் லிங்க் பின்னில் கோத்து, இருபுறமும் குழாய்த் துண்டு போட்டு நடுவில் நிறுத்த வேண்டும். ஸ்லாஷர் மாஸ்ட் ஒற்றைத் தகடு என்றால் 16 மி.மீ. வில் ஷேக்கிள் கச்சிதம், அதன் பின்னும் 19 மி.மீ.தான். இரட்டைத் தகடு என்றால் அங்கேயும் வளையமே. சங்கிலியை இரண்டோடும் சேர்க்க ஹாமர்லாக் இணைப்பு. ஷேக்கிள் மரையைக் கம்பியால் கட்டிவிடுங்கள், அதிர்வில் கழன்றுவிடும். கிராப் ஹூக் வேண்டாம், சங்கிலி தொய்யும்போது நழுவும். நீளத்தை ஒரு கண்ணி, அதாவது 30 மி.மீ. படியில்தான் மாற்ற முடியும். எப்படியும் தொய்வு வேண்டியிருப்பதால் அது குறையாகத் தெரியவில்லை.

சமதரையில் முகப்பைப் பின்பக்கத்தைவிட 2 செ.மீ. தாழ்த்தி, சங்கிலி லேசாகத் தொங்கும்படி வைத்தேன். லிவர் பொசிஷன் கண்ட்ரோலில் இருக்க வேண்டும். வரப்பைத் தாண்டும்போது பின்சக்கரம் தன் பாட்டுக்கு ஏறி இறங்குகிறது. மொட்டையாக மண் சீவிய இடமும், குதிரைவால் போல நின்ற புல் வரிசையும் காணாமல் போயின. வெட்டு உயரம் ஒரே சீராக வருகிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே செலவு தகும்.

தூக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும். முகப்புதான் முதலில் எழும், தொய்வு தீர்ந்த பிறகே வால் கிளம்பும். ஆகவே சாலைப் பயணத்தில் பின்சக்கரம் தாழ்ந்தே தொங்கும். வேகத்தடையில் இடிக்கும்.

உண்மையான ஆபத்து ரிவர்ஸில் இருக்கிறது. பின்சக்கரம் கட்டையிலோ மட்டைக் குவியலிலோ மோதினால், தடுக்கும் குழாய் இல்லாததால் ஸ்லாஷர் வாலைத் தூக்கி டிராக்டர் பக்கம் மடியும். பி.டி.ஓ. தண்டு நசுங்கும், பிளேடு ஓட்டுநரை நோக்கித் திரும்பும். பி.டி.ஓ.வை நிறுத்தி, பிளேடு நின்ற பிறகே பின்னால் எடுங்கள். வேலைக்கு ஆள் வைத்து ஓட்டுபவர்கள் இதைச் சொல்லாமல் சாவியைக் கொடுக்கவே கூடாது.

வாங்கும்போதே மாஸ்ட்டில் முன்னும் பின்னும் ஆடும் பிராக்கெட் உள்ள ஸ்லாஷர்களும் உண்டு. அவை அதே வேலையைக் குழாய் லிங்க்கோடு செய்கின்றன, அவற்றுக்குச் சங்கிலி தேவையில்லை. சறுக்குக் கட்டையில் இழுபடும், பின்சக்கரமே இல்லாத மாடல் வைத்திருப்பவர்களும் குழாயிலேயே இருக்கட்டும்.