பட்டிமண்டபமும் பிறநாட்டு அரசியல் வாதமும்

1. ஆய்வின் எல்லை

வாதம் தமிழர்க்குப் புதியதன்று. சமயம் பற்றியும் நூல் பற்றியும் அறம் பற்றியும் அவைக்கண் நின்று சொல்லாடிய மரபு நம்முடையது. இற்றை நாளில் அம்மரபு புதியதொரு பொருளைக் கைக்கொண்டுள்ளது. அமெரிக்க நாட்டின் அரசியலே அப்பொருள். சென்னையின் மேற்கெல்லையில் உள்ள மாங்காடு, பூவிருந்தவல்லி, ஆவடி போன்ற ஊர்களில் வாழ்வோர், தாம் நேரிற் கண்டறியாத நண்பரோடும், கடல் கடந்து வாழும் உறவினரோடும், அந்நாட்டுத் தலைவர் தேர்தல் பற்றியும் ஆணைகள் பற்றியும் இரவு நெடும்பொழுது எழுத்தாலும் பேச்சாலும் பொருதுவதை யாம் காண்கின்றோம்.

இச்சொற்போரைத் தமிழாய்வின்பாற் படுத்தல் தகுமோ என்று வினவுவார் உளர். தகும் என்பதே எம் விடை. வாதம் மொழியால் நிகழ்வது. அதன் உறுப்புகளையும் குற்றங்களையும் தமிழ்க் காப்பியம் ஒன்று வகுத்தும் காட்டியுள்ளது. மணிமேகலை தரும் அளவைகளைக் கொண்டு இக்காலப் பேச்சினை நோக்குவதே இக்கட்டுரையின் பொருள். இருபெருங் கட்சிகளுள் எது சிறந்தது என்பது எம் ஆராய்ச்சிக்குப் புறம்பானது.

2. பேசும் உரிமை

'அயல்நாட்டார் தம் தலைவரைத் தேர்கின்றனர். அதனால் நமக்கு ஆவது என்?' என்பார் கூற்றினை முதற்கண் ஆராய்வோம். அமெரிக்கத் தலைவரை நோக்கித் தமிழர் வழக்குரைத்தது இற்றை நாட் செய்தியன்று. மதுரையிற் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத்தில் நடுவராய் விளங்கிய சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவின் தன்னாட்சி உரிமையை எடுத்துரைத்து, 1917-ஆம் ஆண்டில் தலைவர் உட்ரோ வில்சனுக்கு மடல் வரைந்தார். பிரித்தானிய அரசு அதனைக் கடிந்தது. அவரோ 1918-இல் தாம் பெற்ற பட்டங்களைத் துறந்தார். தொலைநாட்டு அரசியலிற் சொல் செலுத்துதற்கு அவர் கொடுத்த விலை அது.

அண்மைக் காலத்தில் இத்தொடர்பு மேலும் நெருங்கியுள்ளது. திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரம், கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் பி. வி. கோபாலனின் ஊர். 2020-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் 2024-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் அவ்வூர்க் கோயிலில் அம்மையாரின் வெற்றி வேண்டி வழிபாடு நிகழ்ந்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா விதித்த சுங்கவரி நூற்றுக்கு 50 ஆயிற்று. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் அதனால் இடருற்றது. மாங்காட்டிற்கு மேற்கே சுங்குவார்சத்திரத்திற் செய்யப்பெறும் கைப்பேசிகளோ அவ்வரிக்கு விலக்குப் பெற்றன. அவ்வாண்டு செப்டம்பரில் 'எச்-1பி' என்னும் பணி நுழைவிசைவுக்கான புதிய விண்ணப்பங்களுக்கு ஓரிலட்சம் டாலர் கட்டணம் என்று ஆணை பிறந்தது. இவை நிகழ்ந்த பின்னரும் 'அயல்நாட்டுச் செய்தி நமக்கு எற்றுக்கு?' என்று வினவுதல் பொருந்தாது. உரிமை உண்டு என்பது தெளிவு. அவ்வுரிமை செவ்விதின் ஆளப்பெறுகின்றதா என்பதே ஆராய்தற்குரியது.

3. போலிகள்

மணிமேகலையின் 'தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை' பௌத்தத் தருக்கத்தை விரித்துரைப்பது. வடமொழி நியாயப் பிரவேசத்தோடு அப்பகுதிக்குள்ள ஒப்புமையை அறிஞர் பலர் காட்டியுள்ளனர். வாதத்திற் புகும் குற்றங்களை அக்காதை பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என மூன்றாகப் பகுக்கும். பக்கம் என்பது வாதி நிறுவப் புகும் மேற்கோள், ஏது அதற்குரிய காரணம், திட்டாந்தம் எடுத்துக்காட்டு.

பக்கப் போலி 9 வகைத்து. அவற்றுள் இறுதி நான்கும் 'அப்பிரசித்தம்' என்னும் பெயரோடு தொடங்குவன. சொல்வோன் ஆளும் சொல்லின் பொருள் எதிர்வாதிக்கு உடன்பாடன்றாயின், மேற்கோள் தொடக்கத்திலேயே குற்றமுடையதாகும் என்பது இவற்றுள் முதல் மூன்றன் கருத்து. ஒலி அழியும் தன்மையது என்று பௌத்தன் சாங்கியனை நோக்கிக் கூறின் அது போலியாம். யாதும் முற்ற அழியாது என்பது சாங்கியன் கொள்கையாதலின், 'அழிவு' என்னும் சொல்லே அவன்பாற் செல்லாது. இன்றைய வாதங்களுட் பெரும்பாலானவை இப்போலியால் விளைவன என்பது எம் கருத்து. செந்நிறம் என்றவளவில் நம்மவர் நெஞ்சில் தோன்றுவது பொதுவுடைமைக் கட்சி. அமெரிக்காவிலோ, 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் நிலைபெற்ற வழக்கின்படி, அது குடியரசுக் கட்சியின் நிறம். 'லிபரல்' என்னும் சொல் பொருளியலில் அரசின் தலையீட்டைக் குறைக்க வேண்டுவாரையும் குறிக்கும். அமெரிக்க வழக்கிலோ அரசின் நலத்திட்டங்களை விரும்புவாரையே பெரிதும் குறிக்கும். 'தாராளவாதி' என்று பெயர்த்துக்கொண்டு இருவர் பொருதுவராயின், இருவரும் ஒரே சொல்லால் இருவேறு மாந்தரைச் சுட்டுகின்றனர். ஆயிரம் மறுமொழி எழுந்தாலும் அவ்வாதம் முடியாது.

'மக்கள் பெரும்பான்மை' என்பதும் அத்தகையதே. 2016-ஆம் ஆண்டில் இலாரி கிளின்டன் அம்மையார் ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் மிகுதியாகப் பெற்றும் தோற்றார். தலைவரைத் தெரிவோர் குழுவின் 538 உறுப்பினருள் 270 பேரைப் பெறுதலே ஆண்டு வெற்றியாம். இதனை அறியாதார் 'மோசடி' என்பர். அறிந்தார் 'முறை' என்பர். நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றே இங்கு நல்ல திட்டாந்தம் ஆகும். 2014-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 23-க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் ஓரிடமும் எய்திற்றில்லை. வாக்கின் தொகை வேறு, அதனை இடமாக மாற்றும் முறை வேறு என்பதை இத்திட்டாந்தத்தால் இருசாராரும் உடன்படக் காட்டலாம். இருவர்க்கும் பொதுவாகிய நிலத்தில் நின்று எடுத்த காட்டே பயன் தரும்.

ஏதுப் போலியுள் அநைகாந்திகம் என்பது ஒன்று. சொன்ன காரணம் நிறுவப்படும் பொருளுக்கும் அதன் மறுதலைக்கும் பொதுவாய் நிற்பது அது. 'அம்மையாரின் அன்னை தமிழ்ப்பெண். ஆகவே அவர் தமிழர்க்கு நலம் புரிவார்' என்பது 2024-இல் பலர் வாயிலும் வழங்கிய ஏது. தமிழ்க் குருதியுடையார் நலம் புரிதலும் உண்டு, புரியாமையும் உண்டு. ஆதலின் அவ்வேது யாதொன்றையும் நிறுவாது. 'இவர் பெருவணிகர், ஆகவே நாட்டின் பொருள்நிலையை உயர்த்துவார்' என்று திரு. டிரம்ப்பின் சார்பில் எழுந்த ஏதுவும் அதே குற்றமுடையது. போலி ஒரு கட்சிக்கே உரியதன்று என்பது நினைவிற்குரியது.

4. அளவைகள்

'சமயக் கணக்கர்தம் திறங் கேட்ட காதை'யில் வைதிக அளவைவாதி 10 அளவைகளைக் கூறுகின்றான். அவற்றுள் காண்டல், கருதல், ஐதிகம், அருத்தாபத்தி ஆகிய நான்கும் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவன.

அமெரிக்காவில் வாழும் தமிழர் காண்டலளவையையே தம் படைக்கலமாகக் கொள்வர். 'யான் இங்கு வாழ்கின்றேன். நீ மாங்காட்டிலிருந்து பேசுகின்றாய்' என்பது அவர் இறுதிச்சொல். இதற்கு விடை அக்காதையிலேயே உண்டு. காட்சி ஒன்றே அளவையெனக் கொண்ட பூதவாதியை நோக்கி மணிமேகலை நகைத்து, நின் தந்தை தாயரை நீ அறிந்தது கருதலளவையாலன்றோ என்னும் கருத்துப்பட வினவுகின்றாள். ஒரு தெருவில் வாழ்வோன் அத்தெருவைக் காண்பான். 50 மாநிலங்களைக் காணான். ஏனையவற்றை அவனும் கருதியே அறிதல் வேண்டும். எனவே, அங்கு வாழ்தல் சான்றுகளுள் ஒன்றாகலாமேயன்றி வழக்கின் தீர்ப்பாகாது.

இங்குள்ளார் குறையோ ஐதிகத்தின்பாற்பட்டது. ஒரு மரத்தில் தெய்வம் உண்டென்று உலகோர் உரைப்பதை மெய்யெனத் தெளிதலை ஐதிகத்திற்குக் காப்பியம் காட்டாகத் தருகின்றது. 2020-ஆம் ஆண்டுத் தேர்தல் களவாடப்பட்டது என்னும் கூற்று இத்தகையது. அதன்பொருட்டு 60-க்கு மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பெற்றன. முடிவை மாற்றத்தக்க மோசடி ஒன்றிலும் நிறுவப்பெற்றிலது. 2016-ஆம் ஆண்டில் உருசியா வாக்கு எண்ணிக்கையையே மாற்றிவிட்டது என்பதும் அத்தகையதே. பரப்புரையில் உருசியத் தலையீடு இருந்தமைக்குச் சான்று உண்டு. வாக்குகள் மாற்றப்பட்டமைக்குச் சான்று இல்லை. ஒவ்வொரு சாராரும் தத்தம் மரத்துத் தெய்வத்தை நம்பி, மற்றவர் மரத்தை வெட்டப் புகுகின்றனர்.

5. சொல்லாப் பொருள்

இனி அருத்தாபத்தி. கங்கையில் ஆயர்குடி உள்ளது என்றவழி, நீரின்மேல் குடியிருத்தல் இயலாமையின், கரையில் உள்ளது என்று பொருள் கோடல் அது. சொல்லப்பட்டது பொருந்தாவிடத்துச் சொல்லப்படாததனைத் துணிதல் என்று இதனை விளக்கலாம். இவ்வளவையைப் பிறநாட்டு அரசியல் வாதங்களின்மேற் செலுத்திப் பார்த்தார் அரியர்.

மாங்காட்டில் யாம் அறிந்த இல்லம் ஒன்று. தொழிற்சாலைப் பணியினின்று ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரும், அமெரிக்காவில் நுழைவிசைவு பெற்றுப் பணிபுரியும் அவர்தம் தமையனார் மகனும் 2025-ஆம் ஆண்டு முழுதும் சுங்கவரி பற்றி வாதிட்டனர். 'உன் நாடு திருப்பூர்த் தறியை நிறுத்திவிட்டதப்பா' என்று முதியவர் எழுதுவார். 'அது என் நாடில்லை, சித்தப்பா. கட்டணம் ஏறினால் என் வேலையே போகும், நீங்கள் தறியைப் பற்றிப் பேசுகிறீர்களே' என்று மகன் எழுதுவான். இறுதியிற் பேச்சு நின்றது. பொங்கலுக்கும் அழைப்பில்லை.

இவ்வுரையாடலை ஒரு பனுவலாகக் கொண்டு நோக்குவோம். இருவர்க்கும் அமெரிக்காவில் வாக்குரிமை இல்லை. திருப்பூரில் இருவர்க்கும் தறி இல்லை. வரியைக் குறைக்கவோ கூட்டவோ இருவராலும் இயலாது. ஆகவே இத்துணை வெம்மை வரிபற்றியது என்பது பொருந்தவில்லை. நீர்மேற் குடி நில்லாதவாறு போல. பொருந்தாதவழி அருத்தாபத்தி புகுதல் வேண்டும். 'உன் நாடு' என்ற சொல்லுக்கு 'நீ இனித் திரும்புவாயா?' என்பது பொருள். 'என் நாடில்லை' என்ற சொல்லுக்கு 'எனக்கு இங்கும் நிலையில்லை' என்பது பொருள். ஒருவர் பிரிவை அஞ்சினார். மற்றவர் நிலையாமையை அஞ்சினார். இரண்டச்சமும் சொல்லப்படாமையின், சுங்கவரி அவற்றின் மேலாடையாயிற்று. தலைவியின் உள்ளக்கிடக்கையைத் தோழி கூற்றினின்று உய்த்துணரும் அகப்பாடற் பயிற்சியுடைய நமக்கு இப்பொருள்கோள் அரிதாதல் கூடாது.

எல்லா வாதமும் இத்தகையது என்று யாம் கூறவில்லை. மெய்யாகவே கொள்கை பற்றி மாறுபடுவார் பலர். அவரிடம் 'நீ வேறெதற்கோ அஞ்சுகின்றாய்' என்று கூறின் அது வாதத்தினின்று நழுவும் சூழ்ச்சியாம். சொல்லப்பட்ட பொருள் பொருந்தும் வரை அதற்கே விடை கூறுதல் வேண்டும். பொருந்தாதவழியே இவ்வளவைக்கு இடமுண்டு.

6. அவையின் இன்மை

பண்டைய வாதத்திற்கு அவை இருந்தது. நீலகேசி பல்சமயத்தாரோடும் பொருதபோது கேட்போர் இருந்தனர். தோல்வி தோல்வியாக அறியப்பட்டது. 1943-ஆம் ஆண்டிற் கம்பராமாயணம் பற்றி அறிஞர் அண்ணா, ரா. பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் சொற்போர் புரிந்தார். பொருள் கடியதாயினும் மேடையும் தலைமையும் கால எல்லையும் இருந்தமையின், கேட்டார் தாமே துணிய இயன்றது. இவ்வுரைகள் 'தீ பரவட்டும்' என நூலாகி இன்றும் படிக்கப்பெறுகின்றன. முகமறியா நண்பரின் வாதத்திற்கோ நடுவரும் இல்லை, முடிவும் இல்லை.

அவை இருந்தும் தீங்கு விளைந்ததுண்டு. மாங்காட்டிற்கு அண்மையதான குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், திருஞானசம்பந்தர் மதுரையில் நிகழ்த்திய அனல்வாதத்தையும் புனல்வாதத்தையும் பாடினார். தோற்ற சமணர் கழுவேறியதாகவும் அக்காப்பியம் கூறும். அஃது உண்மை நிகழ்ச்சியோ அன்றோ என்பதில் ஆராய்ச்சியாளர் மாறுபடுவர். தோற்றார்க்கு வாழ்விடம் இல்லாத வாதத்தில் யாரும் தோல்வியை ஒப்பார் என்பது மட்டும் தெளிவு. உறவு அறுபடும் என்னும் அச்சம் உள்ளவிடத்தும் நிலை அதுவே.

இவ்விடத்து மணிமேகலையின் விழாவறை காதை பெரிதும் துணைபுரியும். 28 நாள் நிகழும் இந்திர விழாவை அறையும் முரசோன், வாதம் வல்லாரைப் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறுமாறு அழைக்கின்றான். அதனையடுத்தே, பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது அகலுமாறு அறிவிக்கின்றான். ஏறுதற்கும் அகல்தற்கும் உரிய இவ்விரு கட்டளைகளும் அருகருகே நிற்றல் தற்செயலன்று என்பது எம் துணிபு. அகலத் தெரியாதவன் ஏறுதற்குத் தகுதியுடையனல்லன்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் அறியப்படுவன மூன்று. பிறநாட்டு அரசியலைப் பேசுதல் தமிழர்க்கு உரிமையும் தேவையும் ஆகும். அப்பேச்சின் குற்றங்கள் புதியன அல்ல. அப்பிரசித்தமும் அநைகாந்திகமும் ஐதிகமும் தமிழ்க் காப்பியம் முன்னரே பெயரிட்டு வைத்தவை. மூன்றாவது, அவ்வாதங்களுட் சில தம் வாய்ச்சொல்லை விட்டு வேறொன்றைச் சுட்டுவன. அவற்றை அருத்தாபத்தியாற் படித்தல் வேண்டும்.

நன்னூலார் எழுவகை மதங்களை எண்ணியபோது உடன்படலை முதலிலும் மறுத்தலை அதன் பின்னும் வைத்தார். எதிர்வாதி சொன்னவற்றுள் உடன்படத்தக்கது யாது என்று முதலில் தேடுவோர், சொற்பொருளில் ஒன்றுபட்டே வேறுபாட்டிற்குச் செல்வர். மணிமேகலையின் அளவைக் காதைகளைத் தேர்வின்பொருட்டு மட்டும் கற்பிக்கும் வழக்கத்தை மாற்றி, மாணாக்கர் நாள்தோறும் கேட்கும் வாதங்களை அவற்றின்மேல் இட்டு அளந்து பார்க்கப் பயிற்றுதல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.