பனங்குற்றியின் பாரம்

ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து ஒரு அண்ணன் வந்திருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர், ஜன்னலோரம் கிடந்த மலரவனின் ‘போர் உலா’வை எடுத்துப் புரட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். “அண்ணே, நீங்க அப்போ அங்கதான் இருந்தீங்களா? எந்த வருஷம்? இயக்கத்துல இருந்தீங்களா?” என்று அடுக்கிவிட்டேன்.

புத்தகத்தை மூடி வைத்தார். “தம்பி, உதெல்லாம் விசாரிக்கிற ஆக்கள் கேக்கிற கேள்வி. நான் பங்கர் வெட்டினனான், அவ்வளவுதான்.” கொஞ்ச நேரம் கழித்து, பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்: “பங்கருக்கு மேல அடுக்கிற பனங்குத்தி என்ன பாரம் எண்டு தெரியுமோ? இதில அது இருக்கோ?”

இருக்கா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் அதை முழுசாகப் படித்தவன். யார் பக்கம், எவ்வளவு உண்மை, எவ்வளவு பிரச்சாரம் என்று தேடித்தான் படித்திருந்தேன். ஈழப் போர் எழுத்தை நாம் பெரும்பாலும் இப்படித்தான் படிக்கிறோம். வாசகன் நாற்காலியில் உட்கார்ந்தாலும் கேட்பதெல்லாம் விசாரணை அதிகாரியின் கேள்விகள்.

அந்த ராத்திரியே ‘போர் உலா’வை மறுபடி எடுத்தேன். 1990-இல் மாங்குளம் ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்காக மணலாற்றிலிருந்து புறப்பட்டுப் போன ஒரு போராளியின் பதிவு அது. மலரவன் 1992-இல், இருபது வயதில், போரிலேயே இறந்தார். புத்தகம் அவர் இறந்த பிறகுதான் வந்தது. பெயரில் போர் இருந்தாலும் உள்ளே உலாதான் அதிகம். காடு, பாதை, சுமந்து போக வேண்டிய கனரக ஆயுதம், வழியில் வரும் ஊர்கள், அங்குள்ள சனங்களின் வறுமை. இயக்கத்தின் குரல் உரக்கவே கேட்கிறது. சந்தேகத்துக்கு இடம் குறைவு. இந்தக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எழுதியவருக்கு முடிவு தெரியாது. 2009 தெரியாது. அதனால் ஒவ்வொரு நாளும் அந்த நாளாகவே இருக்கிறது, எதற்கும் ஆதாரமாக மாறுவதில்லை.

தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ இதற்கு நேர் எதிர். புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர், தோல்வி, சிறை, புனர்வாழ்வு எல்லாவற்றையும் கடந்து எழுதியது. 2015 அக்டோபரில் புற்றுநோயில் இறந்தார். அடுத்த வருடம் காலச்சுவடு வெளியிட்டது. இங்கே முடிவு முதல் பக்கத்திலேயே தெரியும். அதனால் பழைய களங்கள்கூட இப்போதைய முடிவுக்கு வாதங்களாகத் திரும்புகின்றன. அனுபவம் வரும், உடனே அதன் விளக்கமும் வந்து முன்னால் நின்றுகொள்ளும். என் வாசிப்பில் புத்தகத்தின் பலவீனம் இதுதான்.

ஆனால் இதற்கு அவரை மட்டும் குறை சொல்லலாமா? அரசு விசாரித்தது. பழைய தோழர்கள் விசாரித்தார்கள். புத்தகம் வந்ததும் துரோகமா, வாக்குமூலமா, முழுக்க அவரே எழுதியதுதானா என்று வாசகர்களும் விசாரித்தோம். இத்தனை பேர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது யார்தான் விளக்கம் சொல்லாமல் எழுத முடியும்?

ஷோபாசக்தி இந்தச் சிக்கலைத்தான் வடிவமாகவே ஆக்கினார். பதின்வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு பிரான்சில் அகதியானவர். 2001-இல் வந்த அவருடைய ‘கொரில்லா’ நாவல் ஓர் அகதி விண்ணப்பமாகத் தொடங்குகிறது. எதிரில் நம்ப மறுக்கும் அதிகாரி இருக்கிறார். அவருக்காக எழுதப்படும் கதை எப்படி வளையும் என்று நாவல் முதலிலேயே காட்டிவிடுகிறது. அதற்கப்புறம் வரும் ரொக்கி ராஜின் இயக்க வாழ்க்கையில் வீரக் காட்சிகள் சொற்பம். காவல் நிற்பதும் தண்டனையும் அவமானமும்தான் மிச்சம். வரலாற்றுத் தகவல்கள் அடிக்குறிப்புகளுக்குப் போய்விடுகின்றன. எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பது பக்கத்தின் அடியில். நின்றவனின் கால் வலி மேலே. எனக்கு இந்த வரிசை சரி என்று படுகிறது.

அரசியலை விட்டுவிட்டு வலியை மட்டும் படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. யார் கொன்றார்கள், யார் பிள்ளைகளைப் பிடித்துப்போனார்கள் என்பவை கேட்டே ஆகவேண்டிய கேள்விகள். ஆனால் அவற்றுக்கு ஆவணங்கள் இருக்கின்றன, அறிக்கைகள் இருக்கின்றன. முன்னணியில் நின்ற உடம்பு மட்டுமே சொல்லக்கூடிய விஷயம் வேறு. பாரம், பசி, தூக்கம், பயத்தில் வரும் வயிற்றுக் கலக்கல். இவற்றைக் கேட்கத் தெரியாத விமர்சனம் போர் இலக்கியத்தில் பாதியைத் தொடுவதே இல்லை.

மறுநாள் இரண்டாவது கோட் அடிக்க அண்ணன் வந்தார். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “ஒரு பனங்குத்தியை எத்தனை பேர் தூக்குவீங்கண்ணே?”

ரோலரைக் கீழே வைத்தார். தோளைத் தொட்டுக் காட்டியபடி பேச ஆரம்பித்தவர், சூலூர்ப்பேட்டை ரயில் போகும்வரை பேசிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதும் இல்லை. எழுதுவதென்றால் அவர்தான் எழுத வேண்டும். போகும்போது ‘போர் உலா’வைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.