120 மணி நேர முகம்

ஓர் ஓவியர் தம் காலத்து இன்னோர் ஓவியரைப் பற்றிப் பேசும்போது, படம் எதைச் சொல்கிறது என்பதைவிட அது எப்படிச் செய்யப்பட்டது, எவ்வளவு காலம் பிடித்தது என்பவற்றிலேயே அவர் பேச்சு பெரும்பாலும் நிற்கும் என்பதால், அதில் பொருள் தேடுபவர் ஏமாறுவார். செய்முறையைத் தேடுபவருக்கோ அதே படம் வேறாகத் தெரியத் தொடங்கும்.

2002-ஆம் ஆண்டு லண்டனில் ஓவியர் டேவிட் ஹாக்னி தம் முகத்தை, தம்மைவிடப் பதினைந்து வயது மூத்த ஓவியரான லூசியன் ஃபிராய்டு தீட்டுவதற்காக ஏறத்தாழ 120 மணி நேரம் அமர்ந்தார். பதிலுக்கு ஹாக்னி தம்மை வரைவதற்காக ஃபிராய்டு அமர்ந்தது சில மணி நேரமே. ஒளிப்படம் கணப்பொழுதை மட்டுமே பிடிக்கிறது, நீண்ட நேரப் பார்வையோ ஓவியத்தில் அடுக்கடுக்காகப் படிகிறது என்பதே இந்த அனுபவத்தை ஒட்டி ஹாக்னி முன்வைத்த கருத்து.

அந்த அடுக்குகளைக் காண ஃபிராய்டின் கருவிகளை அறிந்திருப்பது உதவும். இளமையில் மென்மயிர்த் தூரிகையால், கோடு கோடாக, வழவழப்பாகத் தீட்டிய அவர், 1950-களில் பன்றிமயிரால் ஆன முரட்டுத் தூரிகைக்கு மாறி, நின்றுகொண்டே வரையத் தொடங்கினார். பிற்காலத்தில் கிரெம்னிட்ஸ் வெள்ளை எனப்படும், ஈயம் மிகுந்த கனத்த வண்ணத்தைத் தோலைத் தீட்டப் பயன்படுத்தினார். ஆகவே அவருடைய பிற்காலப் படத்தின் முன் நிற்பவர் முதலில் சில அடி தள்ளி நின்று முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு அருகே சென்று கன்னத்தை மட்டும் கவனித்தால், தொலைவில் ஒரே தோலாகத் தோன்றியது பச்சை, சாம்பல், செம்மை எனத் தனித்தனித் தீற்றல்களாகப் பிரிவதையும், வண்ணம் சில இடங்களில் மேடாகத் திரண்டிருப்பதையும் காணலாம். அச்சிட்ட படத்தில் இந்த மேடு தெரியாது.

எனினும் ஹாக்னியின் சொல்லை முழுத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. பல கணங்களில் எடுத்த ஒளிப்படங்களை ஒட்டி ஒரே காட்சியாக்கும் படைப்புகளை 1980-களில் செய்து, ஒளிப்படத்துக்குள் காலத்தைப் புகுத்த முயன்றவர் அவர். ஃபிராய்டிடம் அவர் காலத்தைக் கண்டதில் வியப்பில்லை. உடலின் கனத்தையே கருதும் வேறோர் ஓவியர் அதே முகத்தில் சதையைப் பற்றித்தான் பேசியிருப்பார். சக ஓவியரைப் புகழ்பவர் பாதி நேரம் தம் பட்டறையைப் பற்றியே பேசுகிறார். கேட்பவர் அந்தப் பாதியைப் பிரித்தறிய வேண்டும்.

அந்த 120 மணி நேரமும் படிந்திருக்கும், ஹாக்னியின் முகம் தீட்டப்பட்ட கித்தானின் உயரம் ஏறத்தாழ 40 செ.மீ., அகலம் 31 செ.மீ. தான்.