மெக்லெல்லன் சேணம்: 100 மைல் ஓட்டத்துக்குத் தாங்குமா?

மெக்லெல்லன் சேணத்தை அமெரிக்க ராணுவம் 1859-இல் ஏற்றுக்கொண்டது. கிரிமியப் போரைப் பார்வையிட ஐரோப்பா சென்று திரும்பிய ஜார்ஜ் மெக்லெல்லன் வடிவமைத்த இந்தச் சேணம், சிற்சில மாற்றங்களோடு குதிரைப்படையின் கடைசிக் காலம்வரை புழங்கியது. இன்று அதைத் தேடி வாங்குபவர்களில் நெடுந்தூர ஓட்டக்காரர்களும் உண்டு. கலிபோர்னியாவில் 1955 முதல் நடந்துவரும் டெவிஸ் கோப்பை போன்ற ஓட்டங்களில் 24 மணி நேரத்துக்குள் 100 மைல் கடக்க வேண்டும். மாட்டுப்பண்ணைச் சேணத்தைவிட மெக்லெல்லன் கணிசமாக இலேசானது. தண்ணீர்க்குடுவை, மழைக்கோட்டு, லாயக்கயிறு எல்லாவற்றையும் கட்டிக்கொள்ள வளையங்களும் வார்களும் ஏற்கெனவே இருக்கின்றன.

இருக்கையின் நடுவே நீளவாக்கில் விட்டிருக்கும் இடைவெளிதான் இதன் முதல் சிறப்பு. முதுகெலும்பின் மேல் எதுவும் படாது; காற்றும் புகும். வெயிலில் மலையேறும் குதிரைக்கு இது பெரிய உதவி.

ஆனால் வாரக்கணக்கில் ஓட்டும்போது மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடுவது பக்கப்பலகைகளின் பிடிவாதம். முதுகெலும்பின் இருபுறமும் அமரும் இந்த மரப்பலகைகளின் கோணமும் வளைவும் மாறாதவை. ஒல்லியான, தோள்மேடு உயர்ந்த அந்தக் காலப் படைக்குதிரைக்காகச் செதுக்கப்பட்டவை அவை. இன்றைய நெடுந்தூர ஓட்டங்களில் முன்னணியில் நிற்பதோ அரபுக் குதிரை. பல அரபுக் குதிரைகளுக்கு முதுகு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், தோள்மேடு தாழ்ந்திருக்கும். அதன்மேல் வைத்தால் பலகையின் முன்முனையும் பின்முனையும் மட்டும் அழுந்தி, நடுப்பகுதி பாலம்போல் தொடாமல் நிற்கும். ஓட்டம் முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பார்த்தால் போதும். சுற்றிலும் வியர்வை நனைந்திருக்க, தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் காய்ந்து கிடந்தால், அங்கே அழுத்தம் அதிகம் என்று பொருள். கவனிக்காமல் விட்டால் பின்னர் அதே இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். அதற்கு முன்பே, சோதனைச் சாவடியில் கால்நடை மருத்துவர் முதுகை விரலால் அழுத்திப் பார்க்கும்போது குதிரை நெளிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்குபவர்கள் பலர் ஏமாறுவது அளவில்தான். 11, 11½, 12 அங்குலம் என்று குறிப்பிடப்படுவது ஓட்டுபவரின் இருக்கை நீளம். குதிரையின் அகலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 12 அங்குலச் சேணம் வாங்கிவிட்டால் அகலக் குதிரைக்குப் பொருந்திவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டக் கூடாது.

குதிரைப்படை இந்தக் குறையைக் கம்பளியால் சமாளித்தது. பெரிய கம்பளிப் போர்வையை ஆறு மடிப்பாக மடித்துச் சேணத்துக்கு அடியில் போடுவது வழக்கம். குதிரை இளைக்கும்போது மடிப்பை மாற்றலாம். வீரர்கள் அவ்வப்போது இறங்கிக் குதிரையை நடத்தியும் சென்றார்கள். முதுகுக்கு ஓய்வு கிடைத்தது. மணிக்கணக்கில் தொடர்ந்து பெருநடையில் போகும் இன்றைய ஓட்டத்தில் அந்த ஓய்வு குறைவு. குறுகிய சேணத்துக்கு அடியில் தடித்த மெத்தையைத் திணிப்பதும் தீர்வாகாது, இறுக்கத்தைக் கூட்டவே செய்யும்.

ஓட்டுபவருக்கு இருக்கை கடினம்தான், ஆனாலும் பழகிவிடும். 1859 மாதிரியில் மரத்தின் மேல் பதப்படுத்தாத தோல் மட்டுமே போர்த்தியிருந்தார்கள். அது காய்ந்து வெடித்தால் விளிம்பு தொடையைக் கிழிக்கும். 1904 மாதிரியில் மேலே பதனிட்ட தோலும் உண்டு. 1928 திருத்தத்தில் ஆங்கிலச் சேணம் போன்ற பக்கத் தோல்களும் வயிற்றுவாரும் வந்தன. மூன்றில் நெடுந்தூரத்துக்கு உகந்தது இதுவே.

பழைய சேணத்தை வாங்கும் முன், முன்வளைவையும் பின்வளைவையும் இரு கைகளால் பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டும். அசைந்தாலோ கிறீச்சிட்டாலோ உள்ளே மரம் உடைந்திருக்கலாம். அதை வாங்காமல் விடுவதே நல்லது. மரம் உறுதியாக இருந்தாலும் பழைய அங்கவடி வார்களையும் வயிற்றுவாரையும் நம்பக் கூடாது, புதிதாக மாற்றியாக வேண்டும். பின்பு கம்பளி இல்லாமல் வெறும் முதுகில் வைத்து, பலகைக்கு அடியில் முன்னிருந்து பின்வரை கைவிட்டுப் பார்க்க வேண்டும். எங்கும் ஒரே அழுத்தம் தெரிந்தால் 100 மைலுக்கும் அந்தச் சேணத்தை நம்பலாம். நடுவில் கை தாராளமாகப் புகுந்தால், அந்தக் குதிரைக்கு அகலப் பலகையோடு புதிதாகச் செய்த மெக்லெல்லன்தான் சரி.