சொல்லின் எல்லையும் சி. மணியும்

நாமக்கல் இராமலிங்கம் பிள்ளையை (1888–1972) அறியாத தமிழர் இலர். அவர் பிறந்த அதே சமவெளியில், சேலத்தில் வாழ்ந்த கவிஞர் சி. மணியை (1936–2009) அறிந்தோர் சிலரே. எனினும் அருளுரைப் பணிக்கு ஆயத்தமாகும் இறையியல் மாணவர் இவரைப் பயில வேண்டும். சொல்லை முற்றக் கற்ற ஒருவர் சொல்லின் எல்லையில் வந்து நின்றதை இவரிடம் காண்கிறோம்.

சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ ஏட்டில் வளர்ந்தவர் இவர். அதில் வெளிவந்த ‘நரகம்’ என்னும் நெடுங்கவிதை, மாநகர வீதிகளில் வேட்கையோடு அலைந்து நிறைவின்றித் திரும்பும் மனிதனைக் காட்டுகிறது. 1968-இல் சேலத்திலிருந்து ‘நடை’ ஏடு வெளிவரக் காரணராய் இருந்தோருள் இவரும் ஒருவர். யாப்பையும் ஆங்கில இலக்கியத்தையும் ஆழ்ந்து கற்றவர். அறிவுக் கூர்மையே இவர் கவிதையின் வலிமை. சிற்சில இடங்களில் எள்ளல் முந்திக்கொள்ள, உணர்வு பின்தங்குவதும் உண்டு.

இத்தகைய அறிவாளர் பிற்காலத்தில் ‘தாவோ தே ஜிங்’ என்னும் சீன நூலைத் தமிழாக்கினார். எண்பத்தொரு சிறு இயல்கள் கொண்ட அந்நூல், மெய்ப்பொருள் பெயருக்குள் அடங்காது என்றே தொடங்குகிறது. சீனத்தில் பௌத்தம் இந்நெறியோடு உறவாடியபோது உருப்பெற்றதே சென். சென் ஆசான்கள் அறிவால் விடுவிக்க இயலாத வினாவை மாணவனிடம் கொடுத்து, அறிவை அதன் எல்லை வரை நடத்திச் சென்றனர்.

சென் மணம் கமழும் சப்பானியக் குறுங்கவிதையைப் பாரதியார் 1916-இலேயே தமிழருக்கு எடுத்துரைத்தார். 1980-களில் தமிழ் ஹைக்கூத் தொகுதிகள் பெருகின. அவற்றுட் பல, ஒரு கருத்தை மூன்று வரிகளாக மடித்து, ஈற்றடியில் அறிவுரையும் கூறிவிடுகின்றன. இது மௌனமன்று, சுருங்கிய சொற்பொழிவே. அறிவைக் கடத்தல் வேறு. அறிவுக்காக உழையாதிருத்தல் வேறு. சி. மணி உழைத்த பின்னரே எல்லையைத் தொட்டார்.

இவ்வெல்லையைத் திருச்சபையும் அறியும். அக்குவினாசு தோமா 1273 டிசம்பரில் எழுதுகோலைக் கீழே வைத்தார். அவரது பெருநூல் முற்றுப்பெறவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாதிருந்தவரை நல்ல துணைவராயிருந்தனர். விளக்கம் கூறத் தொடங்கியபோதே தவறினர்.

நானும் அவ்வாறு தவறியதுண்டு. இளம் ஆயராயிருந்தபோது, குழந்தையை இழந்த ஒரு வீட்டில் இறைச்சித்தத்தை நெடுநேரம் விளக்கினேன். தகப்பன் எழுந்து வெளியே சென்றுவிட்டார். பின்னர் வந்த பக்கத்து வீட்டு மூதாட்டி ஒன்றும் பேசாமல் தாயின் கையைப் பற்றி அமர்ந்தார். அப்போதுதான் அத்தாய் வாய்விட்டு அழுதார்.

ஆயினும் சென் மரபும் நாமும் பிரியும் இடம் ஒன்றுண்டு. அங்கே மனிதன் சொல்லைக் கடந்து மௌனத்தை அடைகிறான். நம் அறிக்கையோ, வார்த்தையானவரே மாம்சமாகி எல்லையைக் கடந்து நம்மிடம் வந்தார் என்பது. ஆகவே நாம் பேசத்தான் வேண்டும். ஆனால் நம் சொல்லே அவ்வார்த்தை என மயங்காதிருக்க, சேலத்துக் கவிஞரின் தயக்கம் நமக்குத் தேவை.