சக்கரவர்த்தியின் சன்மானம்

நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சன்மானம் அதிகம் கேட்பார், கேட்டது வராவிட்டால் வாசிக்க வரமாட்டார் என்ற பேச்சு அவர் காலத்திலேயே உண்டு. அதைப் பேராசை என்றவர்களும் இருந்தார்கள். நாகஸ்வரக்காரர் மேல்சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியும் நடந்தபடியும் வாசிக்க வேண்டும் என்றிருந்த காலம் அது. பிள்ளை கிராப் வைத்துக்கொண்டார், கோட்டுப் போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அவர் கேட்ட பணத்தையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். பாட்டுக்காரருக்குத் தரும் மரியாதையை எனக்கும் கொடு என்பதை, அழைக்க வந்தவர்களுக்குப் புரியும் மொழியில், தொகையாகச் சொன்னார். 1947-இல் விடுதலையையொட்டித் தில்லியில் அவருடைய நாகஸ்வரமும் ஒலித்தது.

ஆகவே புகழ்பெற்ற இசைக்கலைஞர் பெருந்தொகை வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம் என்பதே என் பதில். சங்கீதம் தெய்வ காரியம், அதற்கு விலை பேசலாமா என்ற வாதம் எனக்கு உடன்பாடில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி எத்தனையோ நற்காரியங்களுக்கு நிதி திரட்டப் பாடினார். பொதுச்சேவைக்கான மகசேசே விருது 1974-இல் அவருக்குக் கிடைத்தது. அவர் மனமுவந்து கொடுத்தார். அந்தக் கொடையையே மற்றவர்களை அளக்கும் படியாக்கினால், வலி ஏழைக் கலைஞனுக்குத்தான். மதியக் கச்சேரிக்கு மிருதங்கம் தூக்கிவரும் பையனிடம் ஆட்டோச் செலவுக்கும் காணாத கவரை நீட்டி, மேடை கொடுத்ததே பெரிது என்று சொல்ல அது வசதியாகிவிடுகிறது.

ஆனால் பெருந்தொகை முழுவதும் திறமைக்குக் கிடைத்த கூலியா? இங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் எலிசபெத் பில்லிங்டன் என்ற பாடகி ஒரே சீசனில் பத்தாயிரம் பவுண்டு சம்பாதித்ததாகச் சொல்வார்கள். பொருளியலறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் முதன்முதலில் வெளிவந்த தம் நூலில் அதைக் குறிப்பிட்டு, மனிதக் குரல் எட்டும் தூரம் சிறியதாக இருக்கும்வரை, இதைவிடப் பெரிதாக எந்தப் பாடகரும் சம்பாதிக்க வாய்ப்பு குறைவு என்று கணித்தார். கிராமஃபோனும் வானொலியும் அந்த எல்லையை உடைத்தன. ஒரு குரல் உலகம் முழுக்கக் கேட்கும்போது, முதலிடத்தில் இருப்பவருக்கும் அடுத்தவருக்கும் திறமையில் உள்ள நூலிழை வித்தியாசம் வருமானத்தில் மலையாகிவிடுகிறது என்று 1981-இல் பொருளியலறிஞர் ஷெர்வின் ரோஸன் விளக்கினார். அமெரிக்காவில் கச்சேரி வருமானத்தில், உச்சியில் இருக்கும் ஒரு சதவீதக் கலைஞர்களின் பங்கு 1982-இல் 26 சதவீதம். 2003-இல் அது 56 சதவீதமானது என்று பொருளியலறிஞர் ஆலன் க்ரூகர் கணக்கிட்டார். இருபது ஆண்டுகளில் அவர்களுடைய சாரீரம் இரண்டு மடங்கு இனிமையாகிவிடவில்லை. கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பணமும் கூடவே சாய்ந்தது.

நம் திரைப்பாட்டில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். பல்லவி தொடங்குமுன் எழும்பும் வயலின்களை நினைத்துப் பாருங்கள். வாசித்தவர்கள் நோட்ஸைப் பார்த்து, ஒரு கால்ஷீட் வாசித்து, அன்றைய பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். பாட்டு நாற்பது வருஷமாக டீக்கடையிலும் பேருந்திலும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. படத்துக்காகக் கூலி பெற்றுப் போட்ட மெட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்பதுதான் 1977-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்களுக்குரிய ராயல்டியை இனித் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் ஏற்பாடு செய்தது. நியாயமான திருத்தம். அதன்படி தம் பங்கைக் கேட்டு வழக்காடும் இசையமைப்பாளரைப் பணத்தாசை பிடித்தவர் என்று பழிப்பதை என்னால் ஏற்க முடியாது.

அதே திருத்தம் வேறொரு வாசகத்தையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்களிப்பு தற்செயலானதாக இருந்து, தொழிலின் வழக்கப்படி அவர் பெயர் டைட்டிலில்கூட வராது என்றால், பணப்பங்கைப் பொறுத்தவரை அவரைக் கலைஞராகக் கருத வேண்டியதில்லை. வயலின் குழுவை இதில் சேர்ப்பது சரியா என்று வாதிட இடமுண்டு. இருந்தாலும் பெயர் போடாத வழக்கத்தைச் சட்டமே ஓர் அளவுகோலாக ஏற்றுக்கொண்டது எனக்குக் கோபம் தருகிறது. ஏ.ஆர். ரஹ்மானின் கேசட் உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சானதை அதனால்தான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2024 டிசம்பரில் முடித்த 149 கச்சேரிகளின் டிக்கெட் வசூல் 200 கோடி டாலரைத் தாண்டியது. லாரி ஓட்டுநர்கள், ஆடற்கலைஞர்கள், மேடைத் தொழிலாளர்கள் என்று உடன் உழைத்தவர்களுக்கு 19.7 கோடி டாலர் போனஸ் கொடுத்தார். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் அது அவர் மனம் வைத்ததால் கிடைத்தது; வேறொருவர் மனம் வைக்காவிட்டால் கேட்டுவாங்க வழியில்லை.

ராஜரத்தினம் பிள்ளை வாசித்த நீண்ட பாரி நாகஸ்வரத்தை அவருக்குச் செய்துகொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றும் அங்கே சில குடும்பங்கள், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை வாங்கிவந்து கடைகிறார்கள். ஆயிரம் கல்யாணத்துக்கு வாசிக்கப்பட்டாலும், செய்தவருக்கு அந்த வாத்தியத்தால் வருவது ஒரே ஒரு தடவைப் பணம்.