அர்ச்சுனன் பெயரும் அறிஞர் பிழையும்

ஐப்பசி மாதம். ராசிங்காபுரத்துக்கு மேற்கே மலைமுகட்டில் கார்மேகம் கவிகிறது. ஏலக்காட்டு வேலை முடித்து இறங்கும் உழைப்பாளி, இடிமுழக்கம் கேட்டதும் மரத்தடிக்கு ஓடுகிறான், "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்கிறான். அடைக்கலம் என்று அவன் நம்பிய மரமே மின்னல் இறங்கும் வழியாகலாம் என்று அவனுக்கு எவர் சொன்னார்? பெயரைச் சொல்லிக் கொடுத்தோர் பலர். காரணத்தைச் சொல்லிக் கொடுத்தோர் எத்தனை பேர்?

மேனாட்டார் மட்டும் மின்சாரத்தை அறிந்தே பிறந்தவரோ? அல்லர், தோழர்களே! அங்கும் மின்னலை விரட்ட மாதாகோயில் மணியை அடித்தனர். அடித்தவரே மின்னலுக்கு இரையாயினர். ஊகத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்க்கத் துணிந்தபோதுதான் அங்கே விடிந்தது.

தேய்த்த அம்பரிலிருந்து கண்காணா ஆவி கசிகிறது என்றார் கில்பர்ட், 1600-இல். மின்சாரம் இருவகை, கண்ணாடியில் ஒன்று, பிசினில் மற்றொன்று என்றார் து ஃபே, 1733-இல். இரண்டல்ல, பாய்பொருள் ஒன்றே; மிகுந்தால் நேர், குறைந்தால் எதிர் என்று மறுத்தார் பிராங்க்ளின். மின்னலும் மின்சாரமே என்ற அவர் கருத்தை, 1752 மே மாதம் பிரான்சு நாட்டு மார்லியில் நிறுத்திய இரும்புக் கம்பி மெய்ப்பித்தது. மறு ஆண்டே, அத்தகைய ஆய்வில் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிக்மன் உயிர் துறந்தார்.

இவர்கள் சொன்னதெல்லாம் சரியா? இல்லை! 1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். அது எதிர்மின் துகள். கம்பியில் ஓடுவது அதுவே. பிராங்க்ளின் குறித்த திசைக்கு நேர்மாறாக ஓடுகிறது! கில்பர்ட்டின் ஆவி மறைந்தது. பிராங்க்ளினின் பாய்பொருள் போயிற்று. ஆனால் மின்னூட்டம் இருவகை என்பது நின்றது. அது ஆக்கப்படுவதில்லை, இடம் மாறுகிறது என்பதும் நின்றது. பதரைத் தூற்றி மணியைக் காத்தது ஆராய்ச்சி.

அர்ச்சுனன் பெயரை எவர் தூற்றிப் பார்த்தார்? பிழைத்தவன் பெயரால் பிழைத்தேன் என்பான். மாண்டவன் வந்து மறுக்கவா போகிறான்? சோதனைக்கு உட்படாத சொல்லுக்குத் தோல்வியே இல்லை. அதனாலேயே அதற்கு வளர்ச்சியும் இல்லை.

படித்த இளைஞரே, செருக்கு வேண்டாம்! நேர், எதிர் என்னும் குறிகளை, அவை பிறந்த கதை அறியாமல் ஒப்பித்தால், அதுவும் மந்திரமே. இடி கேட்டால் மரத்தடியை விட்டு, உறுதியான கட்டடத்துள் புகச் சொல்லுங்கள். ஏன் என்று அவன் கேட்பான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லுங்கள். அதுவே அறிவுப் பணி!